மூன்றாவது லாச்சி

பொறாமை என்ற சொல்லைப் புனிதவதியக்கா தன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. "எனக்கு நியாயம் வேணும்" என்றுதான் சொல்வார். நியாயம் கேட்கிறவர் கண் ஏன் அப்படிச் சிவக்க வேண்டும், பிளாஸ்க் மூடியை ஏன் அப்படி நறுக்கென்று திருக வேண்டும் என்று கேட்கிற துணிச்சல் அந்த அலுவலகத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குமாஸ்தா முத்துக்குமாருவின் மூத்த மகள் அவர். கான்வென்டில் படித்து, எழுபத்து மூன்றாம் ஆண்டு கோலாலம்பூரில் ஓர் அரசாங்கச் சுகாதார ஆய்வு நிலையத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். ரத்தம், சளி, கிணற்றுத் தண்ணீர், செத்த எலி என்று நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் அங்கே வந்து சேரும். உள்ளே இருக்கிறவர்கள் சோதித்து, இன்ன கிருமி என்று எழுதி அனுப்புவார்கள். அந்த முடிவை வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முன்கவுண்டரில் இருக்கும் புனிதவதியக்காவின் முகத்தைத்தான். அது சிரித்த முகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்த மருந்தகத்தின் சீட்டு எந்தக் கோப்பில் கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். சீட்டில் தேதி விட்டுப்போயிருந்தால் ஏசுவார். ஏசி முடித்த கையோடு வேலையையும் முடித்துக் கொடுப்பார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நிலையத்தின் மண்டபத்தில் சிறந்த சேவை விருது கொடுப்பார்கள். ஒலிபெருக்கியில் முழுப் பெயரையும் வாசிப்பார்கள். மேடையேறி, சட்டம் போட்ட சான்றிதழை டைரக்டர் கையால் வாங்க வேண்டும். பிரிவுக்கு ஒருவர். இருபத்து மூன்று வருடங்களாகப் புனிதவதியக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டியிருக்கிறார். வீட்டுக் கூடத்துச் சுவரில் அந்தச் சான்றிதழுக்கென்று ஓர் ஆணிகூட அடித்து வைத்திருந்தார். கணவர் கனகசபை, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், இடம் வீணாகிறதே என்று அதில் காலண்டரை மாட்டிவிட்டார்.

தொண்ணூற்று ஆறாம் ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் இங்கே வருகிறவர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள்; அவர்களுக்குத் திருப்தியா இல்லையா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்றது.

"வாடிக்கையாளரோ? நாங்கள் இங்கை என்ன சேலைக்கடையோ வைச்சிருக்கிறம்?" என்றார் புனிதவதியக்கா.

ஆனால் அடுத்த வரியைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டார். முன்கவுண்டர் பிரிவின் விருதை இனிமேல் இந்தப் படிவங்களை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். 'உங்களைக் கவனித்த ஊழியர் யார், அவரைப் பற்றி எழுதுங்கள்' என்று நீல நிறப் படிவத்தில் ஓர் இடம் விட்டிருந்தது. அக்டோபரிலிருந்து வருகிற படிவங்கள்தான் கணக்கு, அதுவரை வெறும் ஒத்திகை; யார் பெயர் அதிகம் வருகிறதோ அவருக்கு விருது. இருபத்து மூன்று வருடமாக இந்த நாட்டு மருந்தகங்களுக்கெல்லாம் படியளந்து வருகிற தனக்குப் போட்டியாக யார் வரப்போகிறார்கள் என்று நினைத்து அன்று முழுக்க அக்கா யாரையும் ஏசவில்லை.

கவுண்டரில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. பிரிவுத் தலைவி ரொக்கியா, மலாய் மரியாதைப்படி புவான் ரொக்கியா, அதன் சாவியைப் புனிதவதியக்காவிடம் கொடுத்தார். மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்து, எண்ணி, அறிக்கை எழுத வேண்டும். "உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு வேறு யார்?" என்று மலாயில் சொன்னார். அதோடு கவுண்டரில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு மரப் பெயர்ப்பலகையும் வந்தது. முன்னால் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

புனிதவதியக்கா தன் பலகையை ஒரு முறை புரட்டிப் பார்த்தார்.

"எனக்கேன் பலகை? இருபத்து மூண்டு வருசமா இந்தக் கதிரையில இருக்கிறன். என்னைத் தெரியாதவன் ஆர்?"

மேசையின் மூன்றாவது லாச்சியை இழுத்துத் திறந்து உள்ளே போட்டு மூடினார். அதோடு அதை மறந்தும் போனார்.

அந்த மாதம்தான் சந்திரகலா வந்தாள். கிள்ளான்காரி. அப்பா வேலாயுதம் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறார். வயது இருபத்து நான்கு, தற்காலிக வேலை. மார்ச் மாதத்தோடு ஒப்பந்தம் முடியும்; அதற்குள் நல்ல பெயர் எடுத்தால் நிரந்தரமாக்குவார்கள். முதல் நாள் காலை கொம்யூட்டர் ரயிலில் வந்து இறங்கி, கவுண்டருக்கு வந்து, அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"ஆன்டி, நான் எங்க உக்காரட்டும்?"

ஆன்டி! நாற்பத்தேழு வயதில் அந்த அலுவலகத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி பாலனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவன்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவான். "இங்கை எல்லாரும் என்னை அக்கா எண்டுதான் சொல்லுறவை" என்றார் புனிதவதி. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரிக்கா, சாரிக்கா" என்றாள். அக்காவின் மனசில் அது ஆறவில்லை.

நீளமான ஒரே கவுண்டர். பின்னால் இரண்டு நாற்காலி. சந்திரகலா தினமும் காலையில் தன் பெயர்ப்பலகையைக் கைக்குட்டையால் துடைத்து நடுவில் வைப்பாள். வருகிறவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுவாள். லோரிக்காரரோ டாக்டரோ, "அண்ணே, ரொம்ப நேரமா நிக்கிறீங்களா? ரெண்டு நிமிசம் லா, பார்த்துச் சொல்றேன்" என்று சிரிப்பாள். எங்கே பார்ப்பாள்? புனிதவதியக்காவைத்தான் பார்ப்பாள். "அக்கா, பெந்தோங்லேருந்து வந்த தண்ணி பாட்டில் ரிசல்ட் எங்க இருக்கு?" அக்கா கோப்பை எடுத்துக் கொடுப்பார். அவள் அதை வாங்கி, சிரித்தபடி அவர்களிடம் நீட்டுவாள்.

முதல் மாதக் கடைசியில் புனிதவதியக்கா பெட்டியைத் திறந்தார். இருபது படிவம்போல இருந்தது. பாதிப் பேர் பெயர் எழுதவில்லை. எழுதியவர்கள் சந்திரகலா என்று எழுதியிருந்தார்கள். சந்திரகலா. மறுபடியும் சந்திரகலா. ஒருவர் 'வாசலில் பாலன் குடை பிடித்து அழைத்து வந்தார்' என்று எழுதியிருந்தார். புனிதவதி என்று ஒருவர்கூட எழுதவில்லை.

அன்று சாயங்காலம், சந்திரகலா போகிற ரயிலில் அவர் ஏறவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் புட்டுக்கு மாக் குழைத்தபடி கணவரிடம் கொட்டினார்.

"வந்து ஒரு மாசம் ஆகேல்லை. கோப்பு எங்கை இருக்கு எண்டு தெரியாது. பல்லைக் காட்டினால் போதும் போல கிடக்கு."

"நீரும் கொஞ்சம் சிரிச்சுப் பாருமன்" என்றார் கனகசபை, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

மறுநாள் சிரித்தும் பார்த்தார். தெலுக் இந்தானிலிருந்து வந்த மருந்தக டிரைவர் ஒருவர் பயந்துபோய், "என்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டார்.

ஒவ்வொரு மாதமும் அதே கதை. சந்திரகலாவின் வளையல் சத்தம், அவள் கொண்டுவரும் நாசி லெமாக் சோற்றின் வாசனை, டாக்டர்கள் அவளிடம் மட்டும் 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லிவிட்டுப் போவது, எல்லாமே அக்காவுக்கு நெஞ்சில் குத்தியது. தன் இருபத்து மூன்று வருடத்தை அந்தப் பெண் ஒரு சிரிப்பில் வாங்கிக்கொண்டு போகிறாள் என்று பட்டது. இந்த வருடமும் மூன்றாவது வரிசைதான். அதுவும் அவளுக்குக் கை தட்ட வேண்டும்.

அக்டோபர் மாதக் கடைசியில், மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், பெட்டியைத் திறந்து முதல் படிவத்தை எடுத்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சந்திரகலா. மேற்கொண்டு படித்தால் வயிறு எரியும். லாச்சியைத் திறந்தார், போட்டார், மூடினார். இந்த ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டார். அடுத்ததும் அவள் பெயர். அதுவும் போயிற்று. சந்தேகம் வராமல் இருக்க ஒன்றிரண்டை விட்டுவைத்தார். அறிக்கையைத் தட்டச்சு செய்து புவான் ரொக்கியா மேசையில் வைத்தபோது கைரேகைவரைக்கும் சுத்தமான குமாஸ்தாவாகவே தெரிந்தார்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. பெயரைப் பார்ப்பது, லாச்சியில் போடுவது. அதற்கு மேல் ஒரு வரியும் அவர் படித்ததில்லை.

இடையில் ஜனவரியில் தைப்பூசம் வந்தது. வேலை நிரந்தரமானால் பால்குடம் எடுப்பதாகச் சந்திரகலா வேண்டிக்கொள்ளவில்லை. நிரந்தரமாக வேண்டுமென்று முன்கூட்டியே எடுக்கிறாள். "முருகன் மொதல்ல வாங்கிக்கிட்டா மறக்க மாட்டார்லக்கா" என்று மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்துமலைக்குப் போனாள். சிலாங்கூர் முழுக்க அன்று விடுமுறை. ஆனால் நிலையம் இருப்பது கோலாலம்பூரில். அங்கே தைப்பூசம் வேலை நாள். மூன்று நாளும் கவுண்டரில் புனிதவதியக்கா தனி ஆள். சந்திரகலாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. பலகை மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கவும் அக்காவுக்கு மனசில்லை. அவள் சாமானை நான் ஏன் தொட வேண்டும் என்ற வீம்பு. அந்த மூன்று நாளும் அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வேலை பார்த்தார். இதையெல்லாம் ஒருத்தரும் எழுத மாட்டார்கள் என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டேதான் பார்த்தார்.

மார்ச் முதல் வாரம் புவான் ரொக்கியா கூப்பிட்டார்.

"கணக்கு வந்துவிட்டது, புனிதா. நம் பிரிவில் விருது பாலனுக்கு."

"பாலனுக்கா?" மாதா மாதம் எண்ணிக் கொடுத்தாரே தவிர, மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க அக்காவுக்குத் தோன்றியதில்லை.

"நான்கு பேர் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள். மழையில் குடை பிடிக்கிறானாம். சந்திரகலாவுக்கு மூன்று. உனக்கு..." புவான் தாளைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார், அந்த எண்ணைச் சொல்லவில்லை. "அந்தப் பெண்ணைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. நல்ல பிள்ளை. நிரந்தரமாக்கச் சொல்லி எழுதலாம் என்று இருந்தேன். மேலே இருக்கிறவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள். மூன்று படிவத்தை வைத்து என்ன எழுதுவது? மாதக் கடைசியோடு நிற்கட்டும்."

இத்தனை மாதம் காத்திருந்த சந்தோஷம் இப்போது வர வேண்டும். புனிதவதியக்கா அதற்காகக் கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தார். வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது, குடை பிடித்த பாலன் மேல்தான் ஆத்திரம் வந்தது.

அடுத்த நாள் சந்திரகலாவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. வந்ததும் கைக்குட்டையால் பெயர்ப்பலகையைத் துடைத்தாள்.

"அக்கா, மாசக் கடசியில இத நான் எடுத்துட்டுப் போலாமா? இல்ல ஆபீஸ் சாமானா? அப்பாக்குக் காட்டணும். எங்க வீட்ல யாரு பேரும் இப்படி வந்ததில்லக்கா."

"அது ஆபீஸ் சாமான். வைச்சிட்டுப் போ" என்றார் புனிதவதியக்கா.

அவள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அக்காவுக்கே பட்டது. கூடவே ஒரு பயமும் வந்தது. அந்தப் படிவங்கள் இன்னும் லாச்சியில்தான் கிடக்கின்றன. கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

லாச்சியைத் திறந்து கட்டாக அள்ளினார். முப்பத்தொன்று இருந்தது. அடியில் தன்னுடைய பெயர்ப்பலகை, மேலே பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல். கைக்கு வந்த ஒன்றைக் கிழிக்க இரண்டு கையாலும் பிடித்தபோது, மேல் மூலையில் தேதி கண்ணில் பட்டது. தைப்பூசத் தேதி.

அன்றைக்கு அவள் இல்லையே என்று நினைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் தடவையாக ஒரு படிவத்தைக் கடைசிவரை படித்தார். ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் மருந்தக உதவியாளர் தம்புசாமி மலாயில் எழுதியிருந்தார்.

'இன்று தைப்பூசம். எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்குத் தொண்டை வீங்கிக் கிடக்கிறது. முடிவை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். நான் வேலைக்குப் புதியவன். தடித்த கண்ணாடி போட்ட சந்திரகலா அம்மா, சீட்டில் தேதி இல்லை என்று முதலில் என்னை ஏசினார். பிறகு ஆய்வுக்கூடத்துக்கு மூன்று முறை போன் அடித்தார். அப்புறம் அவரே எழுந்து உள்ளே போய் முடிவைக் கையோடு வாங்கி வந்தார். அவர் சாப்பிடக்கூடப் போகவில்லை. இப்படி ஒருவர் இங்கே இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.'

புனிதவதியக்கா தலை நிமிர்ந்து கவுண்டரைப் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு பலகை. அந்தப் பக்கமிருந்து வந்து நிற்கிறவன் கண்ணில் படுவது அந்த ஒரு பெயர்தான். பழகியவர்கள் அக்காவுக்குப் படிவம் எழுத வேண்டும் என்று நினைத்ததே இல்லை. படிவம் எழுதியவர்களெல்லாம் புதியவர்கள். கண்ணில் பட்ட பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மற்றதையும் படித்தார். 'சிரித்த முகம்', 'நாற்காலி கொடுத்தார்' என்பவை அவளுடையவை, சந்தேகமில்லை. 'பாட்டிலை எப்படிக் கழுவ வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்', 'பழைய முடிவை நிமிடத்தில் தேடி எடுத்தார்', 'கண்டிப்பானவர், ஆனால் தவறு செய்யாதவர்'. இவை தன்னுடையவை. ஒன்பது தேறியது. பதினான்கு அவளுடையது. மீதி எட்டு யாருடையது என்று எழுதியவனுக்குத்தான் தெரியும். பாலனுக்கு நான்கு. ஒன்பது நான்கைவிடப் பெரியது என்பதைக் கண்டுபிடிக்க இருபத்து மூன்று வருட அனுபவம் தேவையில்லை. அவளிடமிருந்து திருடுவதாக நினைத்துக்கொண்டு மாதா மாதம் தன்னையே லாச்சியில் போட்டுப் பூட்டியிருக்கிறார்.

புவானிடம் போய், இவை என்னுடையவை என்று சொல்லலாம். சொன்னால், இவை ஏன் உன் லாச்சியில் கிடந்தன என்று கேட்பார். பேசாமல் கிழித்துப் போடலாம். அவள் போய்விடுவாள். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால், அவளுக்கு வேலை நிலைக்கும். ஆனால் எழுதியிருக்கிற பெயர்ப்படி முப்பத்தொன்றும் அவள் கணக்கில் போகும். தான் ஏசியதும், தான் பட்டினி கிடந்ததும், தான் போன் அடித்ததும்கூட அவளுக்கே போகும். இத்தனை மாதப் பொறாமையும் ஒன்றாகச் சேர்ந்து அந்த நேரத்தில்தான் அவரை உலுக்கியது. அவளுடைய சிரிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டது போய், தன்னையே அவளுக்குக் கொடுக்க வேண்டி வந்ததே என்று மேசையில் குனிந்து அழுதார்.

சாயங்காலம் நாலரைக்குச் சந்திரகலா, "வரேன்கா, கொம்யூட்டர் விட்ருவேன்" என்று பையை மாட்டிக்கொண்டு போனாள். பலகையைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனாள். அவள் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்த புனிதவதியக்கா, கட்டை எடுத்துக்கொண்டு புவானின் அறைக்குப் போனார். போகிற வழியில் ஒரு படிவத்தை மட்டும் உருவிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

புவான் ரொக்கியா முப்பதையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எங்கே இருந்தது?"

"என்னுடைய லாச்சியில்."

"எப்போதிலிருந்து?"

"அக்டோபரிலிருந்து."

புவான் படிவங்களை அடுக்கி ஒரு கோப்பில் வைத்தார். கடைசியில், "பெட்டிச் சாவியை இங்கே வை" என்றார். அவ்வளவுதான். மேலிடத்துக்கு எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. எழுதியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. சிலவற்றில் இருப்பது நான்தான் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இனி அதை யார் நம்புவார்கள்? சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் காலை தன் பலகையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, அதைக் கவுண்டரில் வைத்தார்.

சந்திரகலாவின் வேலை நிரந்தரமானது. ஏப்ரலில் மண்டபத்தில் அந்தப் பிரிவுக்கு மட்டும் இரண்டு விருது கொடுத்தார்கள். பாலன் சீருடைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் 'சந்திரகலா வேலாயுதம்' என்று ஒலிபெருக்கியில் முழங்கியது. கடைசி வரிசையில் லோரிக்காரர் வேலாயுதம் எழுந்து நின்றே கை தட்டினார். மூன்றாவது வரிசையில் புனிதவதியக்காவும் தட்டினார். மேடையிலிருந்து இறங்கியவள் நேரே அவரிடம்தான் ஓடி வந்தாள்.

"அக்கா, புவான் எல்லாத்தையும் படிக்கக் குடுத்தாங்க. பாட்டில் கழுவுற முறைய நான் தாள்ல எழுதிக் குடுத்தேனாம்! எனக்கே ஞாபகம் இல்லக்கா. இவ்ளோ செஞ்சிருக்கேன் பாருங்களேன்."

"செய்திருப்பாய்" என்றார் புனிதவதியக்கா. வயிறு எரிந்தது. அவள் கையிலிருந்த சான்றிதழின் சட்டம் கோணியிருந்ததைச் சரிசெய்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த நீலத் தாளைக் கனகசபையின் முன்னால் வைத்தார். அவர் படித்தார்.

"உந்தக் கிள்ளான் பிள்ளையைப் பற்றியல்லோ எழுதிக் கிடக்கு. இதை ஏன் வீட்டுக்குக் கொண்டு வந்தனீர்?"

"அவளைப் பற்றி இல்லையப்பா. இது நான்."

"சந்திரகலா எண்டல்லோ போட்டிருக்கு."

புனிதவதியக்கா காலண்டர் தொங்கிய ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கனகசபை மனைவியின் முகத்தை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து முதலிலிருந்து மெல்ல வாசித்தார். நாலாவது வரிக்குக் கீழே விரல் நின்றது.

"'முதலில் என்னை ஏசினார்'" என்று சத்தமாகப் படித்தார். "ஓம். அப்ப இது நீர்தான்."